லோடு ஏற்றாத ரீடிங்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், சீடனுக்கு மீசை முளைத்திருக்கக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கதையின் குருவுக்கு நாற்பத்து மூன்று வயது, பெயர் தில்லைநாயகி. கோயம்புத்தூரில் கணபதிப் பகுதிக்கு அப்பால் பம்ப்செட் என்ஜின் செய்யும் ஆலை ஒன்றில் சோதனைக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. சீடர் அர்த்தநாரிக்கு ஐம்பத்து நாலு. மீசை முக்கால்வாசி வெளுத்துவிட்டது.

அர்த்தநாரி இருபத்தெட்டு வருடம் அசெம்பிளியில் என்ஜின் பூட்டியவர். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு இறுக்கம் என்று சொல்லிவிடுவார். நாலு வருடத்துக்கு முன்னால் காது மந்தமாயிற்று. ஆலை அவரைச் சோதனைக்கூடத்துக்கு மாற்றியது. அங்கே ஒவ்வொரு என்ஜினையும் ஸ்டாண்டில் ஏற்றி, அது எத்தனை குதிரை சக்தி தருகிறது, அதற்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று அளப்பார்கள். தன்னைவிடப் பதினொரு வயது இளையவரிடம் பாடம் கேட்க அர்த்தநாரி வெட்கப்படவில்லை.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிப்போட்டா பாதி பாடம் முடிஞ்சுதுங்க அம்மிணி" என்றார் முதல் நாளே.

"மீதிப் பாதிக்குத்தாங்கண்ணா நாளாகும்" என்றார் தில்லைநாயகி.

அளக்கக் கற்றுக்கொண்ட பிறகு அர்த்தநாரிக்கு எண்கள்மேல் பெரிய பித்துப் பிடித்துவிட்டது. புது மாப்பிள்ளை மாமனார் ஊரைப் புகழ்வதுபோல எண்களைப் புகழ்ந்தார். காது ஏமாற்றும், கண் ஏமாற்றும், எண் ஏமாற்றாது என்று டீக்கடையில்கூடப் பிரசங்கம் செய்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு தாளோடு வந்து நின்றார். முகம் சரியில்லை.

"என்னங்கண்ணா?"

"மேனேஜர் குடுத்ததுங்க. அடுத்த மாசம் அசெம்பிளியில மூணு பேரைக் குறைக்கப் போறாங்களாம். உங்களுக்கு அந்த வேலையும் தெரியும், அளக்கவும் தெரியும், பதினோரு பேருக்கும் எஃபிஷியன்சி போட்டுத் திங்கக்கிழமை குடுங்கன்னு சொல்லிப்போட்டாரு."

"போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

தாளில் பதினொரு பெயர். கடைசிப் பெயர் நஞ்சப்பன். அவருக்கு நேராக நாற்பத்து மூன்று சதவீதம் என்று இருந்தது. இருப்பதிலேயே குறைவு அதுதான்.

நஞ்சப்பன் இருபத்திரண்டு வருடமாக என்ஜினுக்கு டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் பொருத்துகிறவர். அர்த்தநாரியின் மூத்த மகள் கல்யாணத்தில் முதல் பந்திக்கு இலை போட்டதிலிருந்து கடைசிப் பந்திக்கு எச்சில் இலை எடுத்தது வரை நின்றவர். ஒரு நாளைக்குப் பதினாலு என்ஜின் முடிப்பார். இந்த ஐந்து மாதமாக ஆறைத் தாண்டவில்லை. சம்சாரத்துக்கு உடம்பு சுகமில்லை என்று ஆலையில் பேச்சு. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அம்மிணி, கணக்குப் போட்டு மூணு தடவை சரிபார்த்துப்போட்டேன். கையெழுத்துப் போடலாம்னா கை வர மாட்டேங்குது. கணக்குல தப்புங்களா, கையில தப்புங்களா?"

தில்லைநாயகி தாளைப் பார்த்தார்.

"இந்த நாப்பத்து மூணு எப்படி வந்துதுங்க?"

"இப்ப மாட்டற ஆறை முன்னாடி மாட்டின பதினாலால வகுத்தேனுங்க."

தில்லைநாயகி தாளைத் திருப்பிக் கொடுத்தார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுச் சோதனைத் தாள்களை எடுத்து அர்த்தநாரியின் முன்னால் வைத்தார்.

"இந்த மாசம் நீங்க டெஸ்ட் பண்ணின என்ஜின். எல்லாத்துலயும் முதல் வரியை மட்டும் படிங்க."

அர்த்தநாரி தயங்கித் தயங்கி முதல் தாளை எடுத்தார்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. என்ஜினின் சக்கரத்தில் கயிறு சுற்றி, கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல் ஏற்றுவார்கள். அதுதான் லோடு. முதலில் லோடே இல்லாமல் ஓட்டி, இருபது சிசி டீசல் எரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கால் லோடு, அரை லோடு என்று ஏற்றி முழு லோடுக்குப் போக வேண்டும். அர்த்தநாரி இந்த முதல் வரியைப் பார்ப்பதே இல்லை. லோடு இல்லையென்றால் வேலை பூஜ்யம், குடித்த டீசலுக்குக் கிடைக்கிற வேலை என்கிற எஃபிஷியன்சியும் பூஜ்யம்தான். அதைத் தெரிந்துகொள்ள மூன்றரை நிமிடத்துக்குமேல் சும்மா நிற்பானேன் என்பது அவர் நியாயம். என்றைக்கோ ஒரு என்ஜினில் பார்த்த மூன்று நிமிடம் நாற்பது வினாடியை எல்லாத் தாளிலும் எழுதிவிடுவார்.

"மூணு நாப்பது" என்று படித்தார். அடுத்த தாள். "மூணு நாப்பது." அதற்கு அடுத்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"உங்களுக்குத் தெரியுங்களா, அம்மிணி?"

"முதல் வாரமே தெரியுங்கண்ணா."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொல்லியிருந்தா எனக்காகப் பார்த்திருப்பீங்க. இன்னும் ஒரு வருசம் போனாலும் நீங்களாவே கேட்டுட்டு வரட்டும்னு இருந்தேன். நான் பண்ணினதும் தப்புத்தான். வாங்க."

மூன்றாம் நம்பர் ஸ்டாண்டில் ஐந்து குதிரை சக்தி என்ஜின் ஒன்று நின்றது. முந்தின நாள் அர்த்தநாரி சோதித்து முடித்ததுதான்.

"கயிறைக் கழட்டிட்டு ஓட்டுங்க."

ஓட்டினார். என்ஜின் தடதடவென்று ஓடியது. சக்கரம் காற்றில் சுழன்றது. இருபது சிசிக்கு மேலும் கீழும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் டீசல் மேல் கோட்டைத் தொட்டதும் அர்த்தநாரி ஸ்டாப் வாட்சை அமுக்கினார். இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது இப்ப ஏதாச்சும் வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டார் தில்லைநாயகி.

"இல்லீங்க. சும்மாதான் சுத்துது."

"டீசல்?"

"எறங்குதுங்க."

"எங்க போகுது?"

இருபத்தெட்டு வருடம் பூட்டிப் பிரித்தவருக்கு இதைச் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. "பிஸ்டன் வளையம் உரசறதுக்குங்க. பேரிங் சுத்தோணும். வால்வு ஸ்பிரிங்கை அமுத்தோணும். ஆயில் பம்ப் ஓடோணும். தன்னைத்தானே ஓட்டிக்கோணுமுங்களே."

டீசல் கீழ்க் கோட்டைத் தாண்டியது. மூன்று நிமிடம் முப்பத்தெட்டு வினாடி.

"நான் எழுதினதுக்கும் இதுக்கும் ரெண்டு செகண்டுதான் வித்தியாசம்" என்றார் அர்த்தநாரி. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஆமாங்க. இப்ப கிராஃப் போடுங்க."

முழு லோடில் அறுபத்தைந்து வினாடி, அரை லோடில் நூற்றி ஒன்று என்று முந்தின நாள் கணக்கு இருந்தது. மணிக்கு எவ்வளவு டீசல் என்று மாற்றிப் புள்ளி வைத்தார். மூன்று புள்ளியும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. லோடு பூஜ்யமாக இருக்கும் இடம் வரை இழுத்து நிறுத்தினார். லோடு பூஜ்யம், ஆனால் டீசல் பூஜ்யமில்லை. கோடு தரையைத் தொடாமல் உயரத்தில் நின்றது.

"நிறுத்திட்டீங்களே. டீசலும் பூஜ்யமாகற வரைக்கும் பின்னால இழுங்க."

"தாள் முடிஞ்சு போச்சுங்க அம்மிணி. பூஜ்யத்தை ஓரத்துல வெச்சுப்போட்டேன்."

"இன்னொரு தாளை ஒட்டுங்க."

பசை தடவி இடது பக்கம் ஒரு தாளை ஒட்டினார். ஸ்கேல் வைத்துக் கோட்டைப் பின்னால் இழுத்தார். அது பூஜ்யத்தைத் தாண்டி, ஒட்டுத் தாளுக்குள் நுழைந்து, இரண்டு குதிரை சக்தி தூரம் போய்த் தரையைத் தொட்டது.

அர்த்தநாரி அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அஞ்சு குதிரை வெளியே இழுக்குதுங்க. உள்ளுக்குள்ளயே ரெண்டு குதிரை இழுக்குது. நாலு வருசமா இதை நான் ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கலீங்க."

தில்லைநாயகி ஸ்கேலை எடுத்து மேசையில் வைத்தார்.

"நஞ்சப்பன் அண்ணன் வீடு எங்கேங்க?"

"இடிகரைங்க."

"ரெண்டு பஸ் மாறணுமோ?"

"தெரியலீங்க. நான் போனதில்லை."

"இருபத்திரண்டு வருசத்துலயா?"

அர்த்தநாரி பசை டப்பாவை மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அர்த்தநாரி இடிகரையில் இறங்கினார். இரண்டு பஸ்தான். இரண்டாவதற்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நஞ்சப்பன் வாசல் குழாயடியில் படுக்கைத் துணி அலசிக்கொண்டிருந்தார். அர்த்தநாரியைக் கண்டதும் துணியை வாளிக்குள் அமுக்கிவிட்டு எழுந்தார்.

"வாங்கண்ணா, வாங்கண்ணா. என்ன இத்தனை தூரம்?"

"சும்மாதான் நஞ்சப்பா. பார்த்துப்போட்டுப் போலாம்னு."

உள்ளே கட்டிலில் அவர் மனைவி மயிலாத்தாள் கிடந்தார். தை மாதம் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அர்த்தநாரி மகள் கல்யாணத்தில் அத்தனை பேருக்கும் சந்தனம் கொடுத்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் அது. அர்த்தநாரிக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

"கஞ்சி குடுக்கற நேரமுங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்கண்ணா. பத்தே நிமிசம்."

நஞ்சப்பன் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் கரண்டியை ஊட்டினார். அர்த்தநாரியின் சட்டைப் பையில் வாட்ச் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருக்கும். கை தன் பழக்கத்துக்குப் போய்ப் பொத்தானை அமுக்கியது.

ஒரு கரண்டி உள்ளே போனால் பாதி வெளியே வழிந்தது. நஞ்சப்பன் துடைத்தார். விழுங்கும் வரை தொண்டையையே பார்த்தார். பிறகு அடுத்த கரண்டி. இடையில் புரை ஏறியது, முதுகைத் தடவிவிட்டுக் காத்திருந்தார்.

"யாரு வந்திருக்காங்கன்னு பாரு மயிலாத்தா. நம்ம அர்த்தநாரி அண்ணன்."

மயிலாத்தாளின் இடது கை போர்வையைவிட்டு நாலு விரற்கடை உயர்ந்தது. வாங்க என்கிறார். அர்த்தநாரி ஸ்டூலைவிட்டு எழுந்தார். கும்பிடு போட்டார்.

கஞ்சி முடிந்ததும் நஞ்சப்பன் மனைவியை அள்ளித் தூக்கி மறுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடோணுமுங்க. இல்லாட்டி தோல் புண்ணாயிருதுங்க."

"ராத்திரிக்குமா?"

"ராத்திரிக்குத் தனித் தோலாங்கண்ணா?" என்று நஞ்சப்பன் சிரித்தார்.

பகலில் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். ஆனால் குளிக்க வைப்பது, கஞ்சி காய்ச்சி ஊட்டுவது, துணி அலசுவது எல்லாம் முடித்துவிட்டு ஏழு மணி ஷிஃப்டுக்கு வர வேண்டும் என்றால் மூன்றரைக்கு எழுந்தால்தான் ஆகும். இதையெல்லாம் நஞ்சப்பன் சொல்லவில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லலையே நஞ்சப்பா."

"பதினாலு மாட்டறவன் சொன்னா நாலு பேரு கேப்பாங்கண்ணா. ஆறு மாட்டறவன் சொன்னா சாக்குத்தானுங்களே."

காப்பி போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார் என்று அர்த்தநாரி வாங்கிக் குடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் சட்டைப் பைக்குள் கை விட்டபோதுதான் தெரிந்தது, வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அர்த்தநாரி அந்தத் தாளைத் தில்லைநாயகியிடம் நீட்டினார். நஞ்சப்பனுக்கு நேராக இருந்த நாற்பத்து மூன்றை அழித்துவிட்டு எண்பது என்று எழுதியிருந்தார்.

"போனீங்களா?"

"போனேனுங்க."

"அளந்தீங்களா?"

"வாட்சை அமுத்தினேன் அம்மிணி. நிறுத்தலீங்க. மறந்துபோச்சு."

தில்லைநாயகி தலையாட்டினார். எண்பதின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்கிருந்து வந்துதுங்க?"

"மனசுல இருந்து வந்துதுங்க."

"மூணு நாப்பதும் அங்கிருந்துதானுங்களே வந்துது?"

அர்த்தநாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்போடு வந்த மனிதர் அவர்.

"அப்ப நஞ்சப்பனுக்கு எத்தனைன்னுதான் எழுதறதுங்க?"

"எழுதறது இருக்கட்டும். மேல இருக்கற பத்துப் பேரு வீடு எங்கேங்க?"

அர்த்தநாரி தாளைப் பார்த்தார். பத்துப் பெயர், பத்து எண். எண்பத்தெட்டு, எழுபத்தொன்று, தொண்ணூறு. ஒரு வீட்டுக்குக்கூட வழி தெரியாது. பேனாவை எடுத்துப் பதினொரு எண்ணையும் ஒவ்வொன்றாக அடித்தார். அந்தத் தாளைத்தான் மேனேஜரிடம் கொண்டு போனார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மேலே ஒருவர் கேட்பார், கீழே பதினொருவர் பார்ப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"என்னங்க இது, எல்லாத்தையும் அடிச்சு வெச்சிருக்கீங்க?"

"நான் போட்டது எஃபிஷியன்சி இல்லீங்க சார். எத்தனை மாட்டறாங்கன்னு மட்டும் எண்ணிப்போட்டேன். அதுக்கு அவங்க எத்தனை எரிக்கறாங்கன்னு பார்க்கலை. நஞ்சப்பன் வீட்டை மட்டும் நேத்துப் பார்த்தேனுங்க, சம்சாரம் பக்கவாதத்துல கெடக்குது, எல்லாம் அவருதான் பார்க்கறாரு. மத்தவங்களைப் பார்க்கறதுக்கு ஒரு மாசம் வேணுமுங்க."

"மூணு பேரைக் குறைக்கணும்னு உத்தரவு. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க. இப்பவே குறைக்கோணும்னா என் பேரை முதல்ல எழுதிக்கோங்க. பார்க்காமயே நாலு வருசம் எழுதினவன் நான்."

சொன்ன பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. இளைய மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மேனேஜர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"டெஸ்ட்டிங் கத்துக்க அனுப்பினா சாமியாராத் திரும்பி வந்திருக்கீங்க" என்றார். "ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. நஞ்சப்பனுக்கு என்ன வேணும்?"

"ஏழு மணிக்குப் பதிலா ஒன்பதரைக்கு வரட்டுமுங்க. சாயங்காலம் கூட இருந்து முடிச்சுக்குவாரு."

"அந்த வீட்டு நெலமை எனக்கு யாரும் சொல்லலையே" என்றார் மேனேஜர். அர்த்தநாரி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அந்த வாரம் நஞ்சப்பன் நாளைக்கு எட்டு என்ஜின் மாட்டினார். அர்த்தநாரி மாலை நேரங்களில் ஒவ்வொரு வீடாகப் போனார். சில வீட்டில் காப்பி கிடைத்தது, சில வீட்டில் சந்தேகப் பார்வை கிடைத்தது. தொண்ணூறு வாங்கிய ஆளின் வீட்டிலும் எழ முடியாதவர் கிடக்கும் ஒரு கட்டில் இருந்தது. எழுபத்தொன்று வாங்கியவன் வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை, சும்மா சோம்பேறி. அதையும் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மூன்றாம் நம்பர் ஸ்டாண்டுக்குப் புது என்ஜின் வந்தது. அர்த்தநாரி கயிறு சுற்றாமல் ஓட்டினார். டீசல் மேல் கோட்டைத் தாண்டியதும் வாட்சை அமுக்கிவிட்டு நின்றார். தில்லைநாயகி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மூன்றரை நிமிடத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. பேசாமல் நிற்க வேண்டியதுதான்.

"அம்மிணி."

"சொல்லுங்கண்ணா."

"நாலு வருசமா உங்க பக்கத்துல நிக்கறேன். உங்க வீட்டுல யாரு இருக்காங்கன்னு நான் கேட்டதே இல்லீங்க."

தில்லைநாயகி குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டீசல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா இருக்காங்க. தெனமும் காலையில என்னைப் பார்த்து, நீ யாரு கண்ணுன்னு கேப்பாங்க. சொல்லிப்போட்டு வருவேன்."

அர்த்தநாரி அவர் பக்கம் திரும்பினார்.

"வாட்சைப் பாருங்கண்ணா" என்றார் தில்லைநாயகி. "கோடு தாண்டப் போகுது."